ஒரே பக்கம் சுற்றும் வளையம்

மேடம், நீங்கள் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம். மேசை விளிம்பிலோ ஜீப் கதவிலோ கண்ணாடி இடிக்காது. நேற்று நீங்கள் என்னிடம் கையெழுத்துக் கேட்டபோதே இதைச் சொல்ல நினைத்தேன். சாவு நடந்த இடத்தில் வாட்ச் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்து ஏன் போடவில்லை என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார். அவர் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. என் வயதை இரண்டு கூட்டிப் போட்டிருக்கிறார், அது போகட்டும். ‘நீருக்கடியில் எதன்மீதோ மோதியதில் கடிகாரத்தின் வளையம் தானாக நகர்ந்து, இறந்தவர் நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்’ என்று ஒரு வரி வருகிறது. அது நடக்க முடியாது. அதற்காகத்தான் நான்கு வெள்ளைத் தாள் கேட்டேன்.

என் பெயர் நவீன். ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்கிறேன். ‘சேர்வராயன் வாட்ச் வட்டம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஏற்காட்டிலும் சேலத்திலும் இருக்கிற வாட்ச் பைத்தியங்கள் நாற்பத்தொரு பேர். புது வாட்ச் எது வந்தாலும் அதைப் பற்றி எழுதுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. அறுபது வயது தேவசிகாமணி சார்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாட்ச் வாங்குவார். லாட்ஜில் என்னை ‘ஏப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். குழுவில் நான் ‘நவீன் சார்’.

இந்த வருடம் வால்ட்ரிஸ் டீப் வந்தது. முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் டைவிங் வாட்ச். அதைப் பற்றிப் பதினான்கு பத்தி எழுதினேன். கையில் கட்டியதும் ஒரு குளிர்ச்சி ஏறுகிறது, சாயங்காலத்துக்குள் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிறது என்று எழுதினேன். எடை கொஞ்சம் கூடுதல், ஆனால் மூன்றாம் நாள் கைக்குப் பழகிவிடும் என்றும் எழுதினேன்.

ஒரு சின்ன விஷயம். நான் எழுதிய எந்த வாட்சையும் நான் தொட்டதில்லை. குளிர்ச்சிக்கு எவர்சில்வர் டம்ளரை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். எடைக்கு நூற்று எண்பது கிராம் உருளைக்கிழங்கைத் துணியில் முடிந்து மூன்று நாள் கையில் கட்டிக்கொண்டு லாட்ஜில் ரூம் சாவி கொடுத்தேன். எழுதியது எதுவும் தப்பில்லை. மூன்றாம் நாள் உண்மையிலேயே பழகிவிட்டது.

அதைப் படித்துவிட்டு வாட்சை வாங்கியவர் ரொனால்ட் அண்ணன். தலைச்சோலைப் பக்கம் காபி எஸ்டேட் வைத்திருப்பவர். நல்ல மனிதர். இதை நான் எழுதவில்லை என்றாலும் நீங்கள் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

வாட்ச் வந்ததும் ஒரு வாரம் குழுவில் எல்லோர் கையிலும் சுற்றியது. நர்ஸ் லூர்துசெல்வி அக்கா அதில் இட்லி வேகும் நேரம் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார். சர்ச் பிரசங்கம் நாற்பத்திரண்டு நிமிடம் ஓடியதை தேவசிகாமணி சார் அளந்து சொன்னார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டார்: “முங்கறவன் எவனும் இப்ப வாட்ச் கட்டறதில்லைங்க. எல்லாத்துக்கும் மீட்டர் வந்துருச்சு. இது கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போற நகைங்க, அவ்வளவுதான்.” அது ரொனால்ட் அண்ணனுக்குச் சுருக்கென்று பட்டது. அவர் பாண்டிச்சேரியில் முறையாக டைவிங் கற்றவர்.

கடைசியாக வாட்ச் என்னிடம் வந்தது. அன்று ரிசப்ஷனில் நானும் அவரும் மட்டும்தான். கையில் வாங்கினேன். உருளைக்கிழங்கைவிட எடை குறைவு போலத்தான் இருந்தது. கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அதில் ஒரு முக்கோணம். தண்ணீரில் இறங்கும்போது அந்த முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். முள் அதிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதோ, அவ்வளவு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறோம். தெரிந்தவன்போல வளையத்தை வலப்பக்கம் திருகினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தித் திருகினேன்.

“ஏனுங்க நவீன், அது அந்தப் பக்கம் சுத்தாதுங்களே” என்றார்.

டைவிங் வாட்ச் வளையம் இடப்பக்கம் மட்டும்தான் சுற்றும். எதிலாவது இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் சீக்கிரமாக மேலே வந்துவிடுவான். பிழை நடந்தாலும் உயிருக்குச் சாதகமாக நடக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. இதை என் ஒன்பதாவது பத்தியில் நானே எழுதியிருந்தேன். கைக்குத்தான் தெரியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவு, சந்தோஷமாகச் சிரித்தார்.

“அட சாமி. நீங்க இதுக்கு முந்தி ஒண்ணக்கூடத் தொட்டதில்லையா? பதினாலு பத்தி எழுதுனீங்களே.”

உருளைக்கிழங்கு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஊட்டுல ரூபிகிட்டச் சொன்னா நொம்ப நேரம் சிரிப்பா என்றார். குழுவில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தோளில் தட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க கண்ணு. இதச் சொல்லாம எப்படிங்க இருக்கறது? ஞாயித்துக்கிழமை முங்கி எந்திரிச்சு வந்து, நல்லவிதமாவே சொல்றேன். உங்களையும் பக்கத்துல வெச்சுட்டு.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு ஏரியில் இறங்கினால் படகுக்காரர்கள் விசில் ஊதுவார்கள். அதனால் எஸ்டேட்டுக்குள் இருக்கும் சிறு அணை. அணையை உயர்த்தியபோது பழைய பம்பு ரூம் ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது. நாற்பதடி ஆழம், உள்ளே கும்மிருட்டு. வாட்சின் முட்கள் பச்சையாக ஒளிர்வதைப் படமெடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. தேவசிகாமணி சாருக்குப் பதில் சொல்வதற்காக, காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். வாட்சை மட்டுமே நம்பி இறங்குவதாகத் திட்டம். சிறிய சிலிண்டர், இருபது நிமிடக் காற்று. பதினைந்தாவது நிமிடம் பம்பு ரூமை விட்டுக் கிளம்ப வேண்டும். ஐந்து நிமிடம் மிச்சம்.

இடுப்பில் கயிறு. மறுமுனை கரையில் என் கையில். ஒரு இழுப்பு என்றால் நலம். மூன்று இழுப்பு என்றால் தூக்கு.

சரியாக மூன்று பத்துக்கு இறங்கினார். முக்கோணம் பத்தில் இருந்தது. அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டார், முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்ததை விரலால் காட்டினார். காற்றுக் குழாயை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் குளிரில் பல் தந்தியடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். முகக் கண்ணாடியைச் சரிசெய்ய இரண்டு கையும் வேண்டும். வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஈரத்தோடு ஒரு படம் எடு என்று சைகை காட்டினார்.

அப்போதுதான் அந்த வளையத்தைச் சரியான பக்கம் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முழுச் சுற்றுக்கு நூற்றிருபது க்ளிக். முக்கோணத்தைப் பத்திலிருந்து பதினைந்துக்குக் கொண்டுபோக நேர்வழி கிடையாது. இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வர வேண்டும். நூற்றுப்பத்து க்ளிக். காபிக் கொட்டையை ஒவ்வொன்றாக விரலில் நசுக்குவதுபோல ஒரு சுகமான எதிர்ப்பு. அவர் காதையும் மூடிய ரப்பர் உறை போட்டிருந்தார், கேட்டிருக்காது. எண்பதாவது க்ளிக்கில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் காட்டினார்.

படம் எடுத்து, வாட்சை அவர் கையில் நானே கட்டிவிட்டேன். இதை ஒரு பரீட்சை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாட்ச் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். குழுவுக்கும் அதே பரீட்சைதான். ஈரப் படத்தையும் போட்டேன். இரண்டு படத்தையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் மேடம். முதலாவதில் பத்து, இரண்டாவதில் பதினைந்து. முப்பத்தேழு பேர் இதயம் போட்டார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. விமர்சகன் என்று என்னைச் சொல்கிறார்கள்.

மூன்று பதினேழுக்கு மறுபடி இறங்கினார். அவர் மனைவி ரூபி அக்கா இரண்டு பேருக்கும் பிரட் ஆம்லெட் கட்டிக் கொடுத்திருந்தார். என் பங்கைச் சாப்பிட்டேன். கயிறு ஒருமுறை இழுபட்டது, நலம். லூர்துசெல்வி அக்கா போட்டோ வந்துச்சுங்களா என்று கேட்டார். இன்னும் உள்ளேதான் இருக்காருங்க, பொறுங்க என்று பதில் போட்டேன்.

மூன்று முப்பதுக்கு அவர் வாட்ச் பதினைந்து நிமிடம் என்று காட்டியிருக்கும். சிலிண்டருக்கு அது இருபது.

தண்ணீர் மேல் குமிழ் வருவது நின்றது. சில்வர் ஓக் இலை ஒன்று அந்த இடத்தில் வந்து நின்று, மெல்லத் திரும்பியது. தேவசிகாமணி சார் எத்தனை நிமிசமாச்சு என்று கேட்டிருந்தார். வாட்ச் அவர்கிட்டத்தானே இருக்குங்க என்று எழுதினேன். நல்ல பதில்தான். சிரிப்புப் பொம்மைகள் வந்தன. நான்கு மணிக்குத்தான் எஸ்டேட் ஆட்களைக் கூப்பிட்டேன். அதற்கு முன் அவருடைய பிரட் ஆம்லெட்டையும் சாப்பிட்டிருந்தேன். ஆறிப்போய்விடும் என்று தோன்றியது.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீங்கள் விபத்து என்று மூடிவிட்டிருப்பீர்கள். ஆனால் நேற்றிரவு தேவசிகாமணி சார் குழுவில் அழுதுகொண்டே பேசியிருந்தார். வளையம் தானாக நழுவுகிற வாட்ச், ஒரு நட்சத்திரம்கூடத் தேறாது, யாரும் வாங்காதீர்கள் என்று. மற்றவர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். இப்போது உங்கள் ரைட்டரும் அதையே எழுதியிருக்கிறார். அந்த வளையம் அன்று ஒரு க்ளிக் கூட நழுவவில்லை. வலப்பக்கம் அதனால் நகரவே முடியாது. அது பிழையைத்தான் தடுக்கும், பொறுமையைத் தடுக்காது. கையில் வைத்துப் பார்த்து நான் எழுதும் முதல் அபிப்பிராயம் இது. குழுவில் நீங்களே போட்டுவிடுங்கள்.

கயிற்றைப் பற்றி நேற்று, அசையவில்லை என்று சொன்னேன். அதையும் திருத்திவிடுகிறேன். மூன்று முப்பத்தொன்றுக்கு மூன்று முறை இழுபட்டது. மறுபடி மூன்று முறை. அதன்பிறகு கணக்கில்லாமல். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், விட்டுவிடவில்லை. ஆள் கனமில்லை. இழுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் மேலே வந்திருப்பார்.

வந்ததும் அந்த உருளைக்கிழங்கைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.