அவள் சொன்னதும் நான் சொன்னதும்

மொழிபெயர்ப்பவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. என் பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் இருட்டாகிவிடும். சைகை மொழியில் கை பாதி, முகம் பாதி. மேடம், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடமும் அப்படித்தான் இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பழக்கதோஷம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். அடையாள அட்டை, சான்றிதழ், உதவித்தொகை என்று பொதுமக்கள் காலையிலிருந்து வந்து நிற்கிற அலுவலகம் எங்களுடையது. அங்கே நான் கண்காணிப்பாளர். மாற்றுத்திறனாளிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் டீக்கும் பிஸ்கட்டுக்கும்தான் வந்தார்கள். நான் சட்டத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பின்வரிசை தூங்கியது. ஒரு நாள் அலுத்துப்போய்ச் சட்டத்தை மூடிவைத்துவிட்டு என் தங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தூங்கியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் ஒருமுறை பஸ் நிலையத்தில் தொலைந்துபோனாள். கூட்டம் கூடி, 'உன் வீடு எங்க? உங்கப்பா பேர் என்ன?' என்று அவள் காதருகே கத்தியதாம். பதில் வராததால் இன்னும் சத்தமாகக் கத்தியதாம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கத்துகிற வாய்களுக்கு நடுவே அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். இதைச் சொல்லிவிட்டு நான் கொஞ்சம் தண்ணீர் குடிப்பேன். எந்த இடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

வகுப்புகள் பிரபலமாகிவிட்டன. மற்ற ஊர் அலுவலகங்களிலிருந்தும் அழைத்தார்கள். கை தட்டக் கூடாது, இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களை அசைக்க வேண்டும், அதுதான் காது கேளாதவர்களின் கைதட்டல் என்று கற்றுக்கொடுத்தேன். பியூன் முதல் மேலதிகாரி வரை எல்லோரும் அசைத்தார்கள். எனக்குக் 'கை வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டு நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்து அம்மா படுக்கையில் இருக்கிறாள். என் மனைவி வேலைக்குப் போகிறவள். அம்மாவைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாமே தங்கைதான். இத்தனை காலத்தில் அம்மாவின் முதுகில் ஒரு புண் இல்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார். வெளியிலிருந்து ஆள் வைத்தால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பது என் கணிப்பு. அம்மாவிடம் கேட்டுப் பார்த்ததில்லை.

அப்பாவின் படத்துக்குச் சட்டம் போடத் தங்கை ஒரு கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரருக்கும் காது கேட்காது. படம் வந்த பிறகும் அவர்கள் பேச்சு நிற்கவில்லை. சமையலறை அலமாரியில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு காய் நறுக்குகிற கையாலேயே பேசுவாள். நடுநடுவே சிரிப்பாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டு, மேடம். உடைந்த மாதிரி, பெரிதாக வரும். அந்த வீட்டில் பல வருஷமாக நான் அதைக் கேட்டதில்லை. கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகவே சைகை காட்டி அனுப்பினேன். அவர் போனதும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அவ போயிட்டா அத்தைய யாரு பார்த்துக்கறது? நான் வேலைய விடணுமா?"

"யாரும் எதையும் விட வேண்டாம்," என்றேன்.

தங்கையின் போனை எடுத்து வைத்துக்கொண்டு, ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். கல்யாணப் பதிவுக்கு அடையாள அட்டை வேண்டும். அதனால் அவளுடைய அட்டையை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டோம். ரோட்டில் போகிற வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்காது, அடிபட்டுவிடக் கூடாதே என்று மனைவியிடம் சொன்னேன். இதே தங்கை அதே ரோட்டில் நடந்துபோய்த்தான் இருபது வருஷமாகக் காய்கறி வாங்கி வந்தாள். மனைவி அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை மனைவி அவசரத்தில் தாழ்ப்பாளைப் போடாமல் போய்விட்டாள். தங்கை நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். நான் வெளியூர் வகுப்புக்குப் போயிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். கடைசி நேரத்தில் அது தள்ளிப்போனது அவளுக்குத் தெரியாது. இந்த ஊரில் வாசலில் சைகைக் குறி போட்ட பலகை இருக்கிற அலுவலகம் எங்களுடையது மட்டும்தான். அந்தப் பலகையை வைக்கச் சொன்னது நான்.

மூன்றாம் கவுண்ட்டரில் இருப்பவளை நாங்கள் சின்ன மேடம் என்போம். என் வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டவள். தங்கை கை அசைத்ததும் எழுந்து நின்று, முகத்தைப் பார்த்து, 'வணக்கம், கொஞ்சம் இருங்க' என்று அரைகுறைச் சைகையில் சொல்லியிருக்கிறாள். பிறகு உள்ளே ஓடிவந்தாள்.

"சார், ஒரு அக்கா வந்திருக்காங்க. ரொம்ப வேகமா பேசறாங்க, எனக்குப் புரியல. நல்லவேளை நீங்க இருக்கீங்க."

வெளியே வந்தேன். தங்கை என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைச் சின்ன மேடம் வேறு மாதிரி புரிந்துகொண்டாள்.

"சார், இவங்களா? உங்க தங்கச்சியா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் அவளைத் தெரியும், என் கதையிலிருந்து. நான் நாற்காலியை இழுத்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி சரியாக உட்கார்ந்தேன். சின்ன மேடமும் சொல்லிக்கொடுத்தபடியே என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தே கேட்டாள்.

"சொல்லுங்கக்கா, உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

தங்கை என்னை ஒதுக்கிவிட்டு அவளிடம் பேசினாள். நான் பார்த்துவிட்டேன், இனித் தப்பிப்போக முடியாது என்று தெரிந்த பிறகு அவளுக்கு வேறு வழி இல்லை. அண்ணன் என்னைப் பூட்டிவைக்கிறார் என்றாள். போனையும் அட்டையையும் எடுத்துக்கொண்டார் என்றாள். எனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, போக விடமாட்டேன் என்கிறார், போலீஸைக் கூப்பிடுங்கள் என்றாள். ஒவ்வொரு சைகையும் தெளிவாக இருந்தது.

நான் சொன்னது இது. "அண்ணன் வேலை செய்யற இடத்தைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசையாம். இங்க எல்லாரும் இவ்வளவு மரியாதையா பேசறது சந்தோஷமா இருக்காம். வீட்டுக்கு வெளியில இப்படி யாரும் தன்கிட்ட பேசினதில்லன்னு சொல்றா."

சின்ன மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவள்தான் முதலில் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தாள். பிறகு பக்கத்துக் கவுண்ட்டர். பிறகு டோக்கன் கொடுப்பவர், காவலாளி, வரிசையில் நின்ற ஜனங்கள். ஹால் முழுக்கக் கைகள்.

பூட்டிவைக்கிறார்கள் என்று சொன்னதற்கு எல்லோரும் பாராட்டுகிறார்கள். தங்கை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுடைய கைகள் பாதிச் சொல்லில் நின்றன.

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்துப்போனேன்.

மறுநாள் மாடி ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களிடம் சைகை காட்ட ஆரம்பித்தாள். ஜன்னலைச் சாத்தினோம். கண்ணாடியைத் தட்டினாள். கை கிழித்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. அதனால் அம்மாவைக் கவனிக்கிற நேரமும் சாப்பிடுகிற நேரமும் போக மற்ற வேளைகளில் அவள் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டிவைத்தேன். மதிய இடைவேளையில் வந்து அவிழ்த்துவிட்டு, மறுபடி கட்டிவிட்டுப் போவேன். கயிறு இல்லை, மேடம். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, தழும்பு விழாதபடி மெத்தென்று சுற்றினேன். நீங்கள் எழுதும்போது கையைக் கட்டினான் என்று எழுதுவீர்கள். கட்டினது அவள் பேச்சை. சைகை தெரியாத ஒருவன் அதைச் செய்திருந்தால் கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வழி இல்லை.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். ஹாலில் இருந்த கேமராவில் அன்றைய காட்சி முழுதும் பதிவாகியிருந்தது. சத்தம் இல்லாத கேமரா.

"இதவிட நல்ல பாடம் எங்க கிடைக்கும்? எல்லா வகுப்புலயும் போட்டுக் காட்டுங்க. நீங்களே பக்கத்துல நின்னு விளக்கிடுங்க," என்றார்.

மறுத்திருக்கலாம். தங்கைக்குக் கூச்சம் என்று ஒரு வார்த்தை போதும். நான் மறுக்கவில்லை. பயிற்சிக்கு வருகிற யாருக்கும் அந்தப் பேச்சைப் புரிந்துகொள்கிற அளவுக்குச் சைகை தெரியாது என்பது ஒரு காரணம். திரையில் ஹால் முழுக்கக் கைகள் அசைவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பது இன்னொன்று. பல வகுப்புகளில் காட்டினேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்தேன்.

பெரிய அரங்கில் நடந்த வகுப்புக்குக் காது கேளாதோர் சங்கத்திலிருந்து விருந்தினர்கள் வருவார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. விளக்கை அணைத்துப் படம் ஓட ஆரம்பித்த பிறகுதான் முன்வரிசையில் ஒரு வயதான அம்மா எழுந்து நிற்பதைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. அவருக்கு மொழிபெயர்க்கக் கூடவே ஒரு பெண் வந்திருந்தாள். படத்தை நிறுத்துங்கள் என்று ஆசிரியை கை காட்டினார். அந்தப் பெண் மைக்கை வாங்கினாள்.

"மன்னிக்கணும். அந்தப் பொண்ணு சொல்றது வேற. இவர் சொல்றது வேற."

"என்ன சொல்றா?" என்று யாரோ கேட்டார்கள்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி, உயர்த்தாத குரலில் முழுவதையும் சொன்னாள். நான் மேடையில் நின்று கேட்டேன். தங்கை பேசியதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு வகுப்புக்கு வந்திருந்தவர்களில் முதலில் வெளியே ஓடியது சின்ன மேடம். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வருவதற்கு முன்பே ஸ்கூட்டரில் என் வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தது அவள்தான். கட்டை அவிழ்த்ததும் அவளேதான். தங்கையிடம் அவள் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு வந்துசேர்ந்த மனைவி சொன்னாள். கேட்க வேண்டியது அவள் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒன்றுகூட விடாமல் செய்தாள்.

தங்கை இப்போது அந்தக் கடைக்காரரின் அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னீர்கள். அவளுடைய அட்டை உங்களிடம் சாட்சிப் பொருளாக இருக்கிறது. முடிந்தால் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று அவள் சொன்னது சரிதான்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் கை அசைத்துக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு விரலை உதட்டில் வைத்து, பிறகு என்னைச் சுட்டிக்காட்டுகிறாள். உங்கள் மொழிபெயர்ப்பாளர் அதை 'நீ பேசாதே' என்று எழுதியிருக்கிறார். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நேற்று முழுக்க நினைத்தேன். அது எனக்குத் தாங்கக்கூடிய வசவு.

ஆனால் அது தவறான மொழிபெயர்ப்பு. அந்தச் சைகை எந்தப் புத்தகத்திலும் இருக்காது, எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு. சின்ன வயதில் கடையிலும் பள்ளியிலும் டாக்டரிடமும் அவளுக்காக நான்தான் பேசுவேன். அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் அது. 'என் வாய்' என்று அர்த்தம்.

அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை, மேடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

என்ன சொல்கிறாள் என்று சின்ன மேடம் கேட்டாள். நன்றி சொல்கிறாள் என்றேன்.