மால்டாவில் இது குற்றமில்லை

கால்பந்து ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று கேட்டால் திணறிப்போவேன். அதனால் சூதாடி என்று எழுதுவதற்கு முன்னால், ஐயா, நான் சொல்வதை இந்தப் போலீஸ் அதிகாரிக்குக் கொஞ்சம் பொறுமையாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

என் பெயர் பன்னீர்செல்வம். துபாய் சோனாப்பூரில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் வேலைநேரம் குறிக்கும் டைம்கீப்பர். ஆங்கிலம் தெரியும் என்பதால் ஆட்கள் எந்தக் காகிதத்தையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கார்மேகமும் அப்படி வந்தவன்தான். கமுதிப் பக்கத்து ஆள். சம்பளம் தராத கம்பெனியிலிருந்து ஓடிவந்து, விசா இல்லாமல் கிடைத்த சைட்டில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் ரூமில் ஒண்டியிருந்தான். ஊரில் அவன் மனைவி மீனாம்பாள் நிறைமாதம். போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

ஓடிவந்தவனின் உடலை அனுப்ப எந்தக் கம்பெனி முன்வரும்? கேம்ப் ஆட்களே வசூல் செய்தார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகத்தான் என் கையில் கொடுத்தார்கள். அவனுடைய செல்போனையும் கொடுத்து, "அண்ணே, அவன் பொண்டாட்டிகிட்டயும் நீங்களே சொல்லிருங்க, எங்களுக்கு நாக்கு எழாது" என்றார்கள். வசூல் போதவில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே அந்தப் போன் அடித்தது. சொல்லிவிடத்தான் எடுத்தேன்.

"நீங்க யாரு பேசுறது? அவுக இல்லீங்களா?"

"கூட இருக்கறவன்மா. பன்னீரு."

"அண்ணே, எனக்கு நாள் நெருங்கிருச்சு. அவுக பேசவே இல்லையே, மேலுக்குச் சுகமில்லையா?"

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் நல்ல வேலை கிடைத்துப் போயிருக்கிறான், உள்ளே போன் விடமாட்டார்கள், தகவல் எனக்குத்தான் வரும் என்றேன். சந்தோஷத்தில் அழுதாள். சொல்வதானால் உடலை அனுப்பும்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பணம் வேண்டும்.

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஜெயசீலன் கம்ப்யூட்டரில் கால்பந்துப் பந்தயம் கட்டுவான். இங்கே அந்தப் பக்கங்கள் திறக்காது. இங்கிலாந்தில் போன வருஷம்தான் புதுச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இருந்தால் நடத்தலாம். இத்தாலியிலும் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். பிரான்சில் அரசாங்கம் நடத்தினால் சரி, அடுத்தவன் நடத்தினால் தப்பு. ஜெர்மனியில் இந்த 2008 ஜனவரியோடு மூடச் சொல்லிவிட்டார்கள். நான் ஆடிய கம்பெனி மால்டா என்ற தீவில் பதிவானது. அங்கே அது மளிகைக்கடை மாதிரி ஒரு தொழில். எல்லா ஊரிலும் அதே பந்து, அதே கோல். பாவம் இதில் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. வசூலை ஜெயசீலனுக்கு அனுப்பினேன். அவன் தன் கணக்கில் போட்டு, தடையைத் தாண்டும் வழியைச் சொல்லித் தந்தான். ஆடியது நான்.

ஜெயித்தேன், ஐயா. அதையும் எழுதுங்கள். கார்மேகத்தை அனுப்பிவிட்டு மீனாம்பாளுக்கும் கொடுக்கும் அளவுக்கு ஜெயித்தேன். எடுக்கப் போனபோது, அனுமதியில்லாத நாட்டிலிருந்து ஆடியதாகச் சொல்லிக் கணக்கை முடக்கினார்கள். லண்டனில் புகார் செய்தால் மால்டாவுக்குப் போ என்றார்கள். மால்டாவில், ஆடியது துபாயில், அங்கேதான் அது குற்றமாயிற்றே, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். துபாயில் நான் யாரிடம் போய் நிற்பது? உங்களிடமா?

அதற்குள் பெண் குழந்தை பிறந்தது. "என்ன பேரு வைக்கன்னு அவுகளக் கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாள். அகிலா என்று சொன்னேன். நல்ல பெயர்தானே. பச்சை உடம்பு தேறட்டும் என்று காத்திருந்தேன். கேம்ப்பில் கேட்டவர்களிடம், வீட்டிலிருந்து சம்மதக் கடிதம் வரவேண்டும் என்றேன். கார்மேகம் சவக்கிடங்கில் இருந்தான். அங்கே குளிர்பதனம் உண்டு.

பிறகு ஜெயசீலன் ஜிப்ரால்டரில் இன்னொரு கம்பெனி இருப்பதாகச் சொன்னான். ஒழுங்காகக் கொடுப்பார்களாம். ஆனால் என்னிடம் முதல் இல்லை. கார்மேகம் ஊருக்கு வரும் காகிதச் செலவுக்கு என்று மீனாம்பாளிடம் கேட்டேன். கழுத்தில் கிடந்ததை விற்று அனுப்பினாள். அவள் புருஷனை அவளிடம் கொண்டுசேர்க்கத்தானே கேட்டேன்? அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

அது தோற்றது.

ஷாப்பிங் சென்டர் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் சித்தீக் பாய், ஆதரவற்ற பிணங்களை ஊருக்கு அனுப்பும் வேலையைப் புண்ணியத்துக்குச் செய்பவர். வேறொரு உடலுக்காகப் போனவர் அங்கே கார்மேகத்தின் பெயரைப் பார்த்திருக்கிறார். நேரே என்னிடம் வந்தார்.

"பன்னீரு, அந்த மையத்து இன்னுமாடா அங்க கிடக்கு? அந்தப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்லி வச்சிருக்கே?"

நான் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். பெரியவர், அழுதார். பிறகு அவர்தான் என்னை இங்கே கூட்டிவந்தார்.

ஆகவே, ஆமாம். வசூலை ஆடினேன். அவள் நகையை ஆடினேன். செத்தவன் சொன்னதாக அவன் பிள்ளைக்குப் பெயர் வைத்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டினால் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். மீனாம்பாளுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பைச் சித்தீக் பாயிடம் கொடுக்காதீர்கள். நானே பேசுகிறேன். அவர் அவளுக்கு முன்பின் தெரியாதவர். அவர் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.