பச்சைக் கட்டம்

ஆமாம் பத்மநாபன் சார், விசாரணைக்கு ஹப்சிகுடாவிலிருந்து மெட்ரோவில்தான் வந்தேன். அமீர்பேட்டில் மாறும்போது கூட்டம். பத்து நிமிடம் தாமதம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நேரத்தைத் திருத்தச் சொல்கிறவன் இல்லை நான்.

ஹர்ஷிதாவைப் பற்றித்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நல்ல பெண். எங்கள் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு வாயுக் கசிவு எச்சரிக்கை மென்பொருள் எழுதிக்கொடுத்தோம். இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் கசிந்தால் சங்கு ஒலிக்க நான்கு நிமிடம் ஆகிறது என்று கண்டுபிடித்துப் பதிவு செய்தவள் அவள்தான். சரிசெய்யாமலே அந்தக் குறையை 'முடிந்தது' என்று மூடியவளும் அவள்தான் என்று பதிவு சொல்கிறது. அதனால்தான் அவளை இடைநீக்கம் செய்திருக்கிறீர்கள்.

என் வேலை சிறியது. எந்தக் குறை, நாங்கள் 'பக்' என்போம், எத்தனை நாள் திறந்து கிடக்கிறது என்பதையெல்லாம் ஒரு டேட்டாபேஸில் சேர்ப்பேன். அதிலிருந்து சுவரில் உள்ள திரைக்குக் கட்டங்கள் போகும். முப்பது நாள் தாண்டினால் அந்தக் குழுவின் பச்சைக் கட்டம் சிவப்பாகும். சிவப்புக் குழு திங்கட்கிழமைக் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். மேலாளர் விஸ்வநாத் விளையாட்டாகத் தொடங்கிய வழக்கம்.

ஹர்ஷிதாவின் குழு இரண்டு திங்கட்கிழமை நின்றது. "என்னம்மா, கால் வலிக்குதா? உன் பக்குக்குப் பிறந்தநாள் கொண்டாடிடலாமா?" என்றார் விஸ்வநாத்.

"கொண்டாடுங்க சார். கேக் நக்கோ, வேணாம். மொதல்ல அதைச் சரிபண்ணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தத் திரை நான் செய்தது. அதில் அந்த ஒரு சிவப்பு உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை காலையில் டேட்டாபேஸில் அந்தக் குறையை மூடினேன். ஒரு வரிக் கட்டளை. 'மூடியவர்' என்ற இடம் காலியாக இருக்கக்கூடாது என்பது நானே வைத்த விதி. திறந்தவள் பெயரையே போட்டேன். பொருத்தமாக இருந்தது.

அன்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள். "அச்யுத் அண்ணா, நான் மூடவே இல்லையே. கைக்கு பச்சையாச்சு, ஏன்?"

"திரையில் ஏதோ கோளாறு, பார்க்கிறேன்" என்றேன். டேட்டாபேஸ் பற்றிய புகார்கள் என்னிடம்தான் வரும். அவள் திரும்பவும் திறந்தாள். திறக்கும்போதெல்லாம் தானாக மூடிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு எழுதிவைத்தேன். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மூடிய குறைகள் நிரல் எழுதுகிறவர்களின் பட்டியலில் வராது. அதனால் அதை யாரும் தொடவில்லை. அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து இரண்டு இடங்களில் கசிந்தது. சூசைராஜ், லலிதா, கிரி. இறந்த மூவரும் ஒரே ஷிப்ட். சங்கு ஒலிக்க மூன்று நிமிடம் ஐம்பது வினாடி ஆகியிருக்கிறது. ஹர்ஷிதா எழுதியது நான்கு நிமிடம். அவள் கணக்கில் பத்து வினாடி கூடுதல் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மென்பொருளில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை சார். மூடியவன் நான். அவள் பெயரைப் போட்டவனும் நான். அவ்வளவுதான் நடந்தது.

உங்கள் பதிவேடு திறந்தே இருக்கிறது. தலைகீழாகவும் எனக்குப் படிக்க வரும். விசாரணை தொடங்கி இன்று இருபத்தொன்பதாவது நாள். 'முடிந்த தேதி' இன்னும் காலியாக இருக்கிறது. அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள் சார், இன்றைய தேதியை நானே போட்டுவிடுகிறேன்.