ரெண்டு பழம் போதும்

சின்னப் புள்ளைங்க ஆடற கேம்தான் சார் அது. டிவியில மரத்துலேர்ந்து பழம் விழும், கைய ஆட்டுனா கூடை நகரும். கடிகாரம் மாதிரி ஒரு பட்டைய மணிக்கட்டுல கட்டிக்கணும், அவ்ளோதான்.

பக்கவாதம் வந்து எங்கப்பாவுக்கு, பெரியண்ணன்னு பேரு, வலது கையும் பேச்சும் போச்சு. பிசியோதெரபி வளர்மதி மேடம்தான் அந்தப் பட்டையக் குடுத்தாங்க. தெனம் வூட்லயே ஆடட்டும், எத்தினி பழம் புடிச்சாருன்னு அவங்க போனுக்கே வந்துரும்னாங்க. மொத வாரம் ரெண்டு. மூணாவது வாரம் ஒம்பது. அப்பா கோண வாயோட சிரிச்சாரு. நான் டிவிய அணைச்சுட்டேன்.

ஏன்னு கேக்கறீங்க. அப்பா மைன்ஸ்ல பர்மனென்ட், ரிட்டயர் ஆவ எட்டு மாசம். நான் பதினோரு வருஷம் கான்ட்ராக்ட்ல ஒழைச்சு, அதுவும் போயி, சும்மா குந்திக்கினு இருந்தேன். என் சம்சாரம் செவ்வந்தி ஏழு மாசக் கர்ப்பம், காடாம்புலியூர்ல தாய் வூட்ல இருந்தா. இனி வேலைக்கு ஆவமாட்டாருன்னு மெடிக்கல் போர்டு எழுதுனா வேலை எனக்கு வரும், குவார்ட்டர்ஸும் தங்கும்னு யூனியன்ல சொன்னாங்க. தேறி டூட்டிக்குப் போயிட்டாருன்னா ஒண்ணுமே இல்ல. செத்துரலாமான்னுகூட நெனச்சேன், பொய் சொல்லல.

அதனால பட்டைய நான் மாட்டிக்கினேன். மொத நாள் ஒரு பழம்கூட புடிக்கல. மேடம் போன் பண்ணி, பட்டை கழண்டுகிச்சாங்கன்னாங்க. சுத்தமாத் தோக்கக் கூடாதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அப்புறம் தெனம் ரெண்டு, மூணு. பாவம், அவங்களே வருத்தப்பட்டாங்க.

ஆனா அப்பா கை சும்மா இருக்கல. கேம் இல்லாமலே தம்ளர எட்டிப் புடிச்சாரு. போர்டுலயும் புடிச்சாருன்னா? அதான் அந்தக் கையக் கட்டில் சட்டத்தோட கட்டுனேன். வலிக்கக் கூடாதுன்னு, செத்துப்போன அம்மாவோட நூல் பொடவையக் கிழிச்சுக் கட்டுனேன். இடது கையால முடிச்ச அவுக்கப் பாத்தாரு. அதையும் கட்ட வேண்டியதாப் போச்சு. சோறு நான்தான் ஊட்டுனேன், ஒரு வேளையும் தவறல.

ஆறு வாரம். போர்டு அன்னிக்கு வலது கை வெரலெல்லாம் மடங்கி மரக்கட்டையாட்டம் இருந்துது. டாக்டர் பிரிச்சுப் பாத்தாரு, முடியல, எழுதிட்டாரு. மணிக்கட்டுத் தழும்ப வளர்மதி மேடம்தான் பாத்து உங்க ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்காங்க.

இனி அந்தக் கை வராதாம். ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி, அவரக் கேக்காம நான் எதுவும் செய்யல சார். தெனம் காலையில கட்டி முடிச்சதும் பக்கத்துல குந்திக் கேப்பேன். "பேரப் புள்ளைக்காகத்தாம்ப்பா. இஷ்டம் இல்லன்னா கையத் தூக்கிக் காட்டுங்க." அஞ்சு நிமிஷம் காத்துக்கினும் இருப்பேன்.

ஒரு நாளும் அவரு தூக்கல சார்.