அம்சம் காலி செய்த வீடு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்ம வசந்தகுமாரின் மாமா தியாகராசனுக்கு நடந்தது. போன சித்திரை... மத்தியானம் இரண்டரை மணி. தஞ்சாவூரில் கோட்டைச் சுவரை ஒட்டிய தெரு. ஒரு காக்கா கூட இல்லை.

பழைய சுவரைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அதன்மேல் சாய்த்துக் கட்டியிருந்த வீடுகளைக் காலி செய்து, சனங்களை ஊருக்கு வெளியே அனுப்பியாகிவிட்டது. இடிக்கும் முன் ஒவ்வொரு வீட்டையும் பார்ப்பது சூப்பர்வைசர் தியாகராசனின் வேலை. மனுஷர் யாரையும் நம்பமாட்டார். போனவர்கள் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து படுத்துக்கொள்வார்கள் என்று சந்தேகம்.

கடைசி வீடு. தையல்காரி அம்சம் என்பவள் குடியிருந்தது. அவள் காலி செய்ததும் தியாகராசன் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே... சரக்... சரக்... கரண்டியால் சுவர் பூசுகிற சத்தம். ஈரச் சுண்ணாம்பு வாசனை.

"உள்ள யாரு?"

சத்தம் நின்றது.

"நீங்க யாரு?" பெண் குரல்.

"தியாகராசன். சூப்பர்வைசர். வெளிய வாம்மா."

பூட்டைத் திறந்து உள்ளே போனார். ஒரே அறை. பின்னால் கோட்டைச் சுவர்தான். ஆள் இல்லை. ஜன்னலில் கம்பி இருந்தது. இருந்தும், எப்படியோ ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டாள் என்றே நினைத்தார்.

ஜேசிபி வந்தது. டிரைவர் வளவன் தயங்கினான்.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குது சார்."

"நான் பாத்துட்டேன். இடி."

கூரை இறங்கியது. அடியில்... ஓர் இருமல். இரண்டு பேருக்கும் கேட்டது.

வளவன் குதித்து ஓடிவந்தான். கையாலேயே செங்கல்லை அள்ளினார்கள். தியாகராசனுக்கு நகம் பெயர்ந்தது. ஒரு உயிரைக் கொன்றுவிட்டோமோ என்று அழுதுகொண்டே அள்ளினார். தரை தெரிந்தது. யாரும் இல்லை. வளவன் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

தனியாக நின்றவர், பட்டியலில் இருந்த அம்சத்தின் நம்பருக்குப் போன் போட்டார். அவளே எடுத்தாள். அவருக்கு மூச்சு வந்தது.

"நான் புது வீட்டுலதான் சார் இருக்கேன். ஏன்?"

"இங்க... யாரோ பூசுற மாதிரி..."

"அது எங்க வீட்டுல இல்ல சார். கோட்டைச் சுவத்துக்குள்ள. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து கேக்குது. கேட்டும் கேக்காத மாதிரி இருந்துடணும். பேச்சு மட்டும் குடுக்கக் கூடாது."

தியாகராசன் கோட்டைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்சம் மெதுவாகக் கேட்டாள்.

"சார்... உங்க பக்கத்துல நின்னு உங்கள பேர் சொல்லிக் கூப்பிடுறது யாரு?"