பன்னிரண்டாம் தலைமுறை

— இன்னொரு தபா ஓட்டிக் காட்டு ஜெரினு. என் கண்ணுதான் தப்பா பாத்துச்சோ இன்னாவோ.

— எத்தன மட்டம் ஓட்டினாலும் இதாம் ஜானட்டக்கா. ரெண்டுலயும் ஒரே பைலு, ஒங்க கன்டெய்னர் ஆபீஸ் பில்லுதான். பழைய கம்ப்யூட்டர் இன்னும் முழிச்சிட்டு நிக்கி. புதுசு முடிச்சிட்டுச் சும்மா இருக்கு, பாத்துக்கிடுங்க.

— பழசு பழசுன்றியே, இதுவும் நீ மாட்டிக் குடுத்ததுதான?

— நாந்தான். எய்த் ஜெனரேஷன் ப்ராசஸர். அன்னைக்கு அதாம் ராஜா. இது ட்வெல்த்துல்லா.

— அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருந்துச்சே, ஃபேனு கத்திகினே கெடக்கும்.

— அது ஃபோர்த்து. ஒரு பில்லு தொறக்கதுக்குள்ள நீங்க டீ குடிச்சிட்டு வந்திருவீங்க.

— அந்த டீ நல்லா இருந்துச்சுப்பா. நானு, கஸ்பாரு, அடைக்கலமேரி, பச்சையம்மா, நாலு பேரும் சேந்து குடிப்போம்.

— இப்ப?

— இதே மாதிரி எய்த்து ஒண்ணு மொதல்ல என் மேசைல வந்து குந்திச்சு. நான் ஒருத்தியே ரெண்டு ஆள் வேலைய முடிக்கறேன்னு மொதலாளி கஸ்பாரை நிறுத்திட்டாரு. அப்பால பச்சையம்மாக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. மேரிக்கு வேலை போச்சு.

— ஏங்க்கா, மெஷின் நல்லா ஓடுனா ஆளைக் கொறைப்பாங்களா?

— உனுக்கு இன்னா தெரியும். மாட்டிக் குடுத்துட்டு நீ கடை ஷட்டரை இறக்கிட்ற. இப்ப இந்தப் புதுசு வருது. மாசக் கடைசில யாரு அதிகமா பில்லு போட்டாளோ அவளுக்குத்தான் நாற்காலின்னு மொதலாளி மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு.

— பின்ன ஒங்களுக்கு என்ன பயம்? சீனியருன்னு புதுப் பெட்டி ஒங்க மேசைக்குத்தான வருது.

— வருது. பச்சையம்மா சாப்புடாம குந்தி அடிச்சாலும் இத்தோட ஈடு குடுக்க முடியாதா?

— அவ வெரலு தேஞ்சிரும். இதைப் புடிக்க முடியாது.

— அவ வூட்டுக்காரரு வள்ளூர் கரண்ட் பிளான்ட்ல சாம்பல் லாரி ஓட்டிகினு இருந்தாரு. மூச்சு வாங்குதுன்னு இப்ப வூட்டோட கீறாரு.

— பாவந்தான். ஒங்களுக்கு மட்டும் என்ன, கொட்டியா கெடக்கு? டைப் அடிச்சு அடிச்சு வலிச்ச கையில மருந்துப் பட்டை கட்டிட்டுத்தான இங்க இருக்கிய. இன்னும் ஒரு மட்டம் கண்ண மூடிக்கிடுங்கக்கா.

— ரெண்டு தபா மூடிகினேன் ஜெரினு. பக்கத்து நாற்காலி காலியா கெடக்கும், நான் பாட்டுக்கு டைப் அடிச்சிகினு இருப்பேன். வூட்டுக்குப் போனா சோறு எறங்காது. ரொம்ப பேஜாரா கீதுப்பா.

— அதெல்லாம் நெனச்சா பொழைக்க முடியுமா? ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். புதுசு ஒங்களுக்கு. கூட எதுக்கு பச்சையம்மாவோட இந்தப் பழைய பெட்டியத் தூக்கிட்டு வந்திய?

— தூசு தட்டணும்னு அவகிட்ட சொல்லி எடுத்தாந்தேன்.

— தட்டியாச்சு. ரெண்டுக்கும் மூடியப் போட்டுரட்டா?

— இரு, போடாத. டப்பா ரெண்டும் வெளிய பாக்கறதுக்கு அப்படியே இருக்கட்டும். உள்ள இருக்கறத மட்டும் மாத்தி வை. புதுசை அவ டப்பாக்குள்ள போடு.