பாலாடையைப் பிடித்த கை

ஹலோ... ஹலோ, அருள்மேரி மேடமா?... ஓசூர் ஆஸ்பத்திரிலருந்து ஜெபமணி பேசறேன் மேடம், உங்ககிட்ட நர்சிங் படிச்சவ... ஆமா, ஆமா, நல்லாருக்கேன்... இல்ல மேடம், நல்லால்ல. ‘எங்கம்மா ஏன் வெளியவே நிக்கறாங்க?’ன்னு நேத்து ஒரு சின்னப் பொண்ணு கேட்டுச்சு. ‘வாய மூடு’ன்னு அதட்டிட்டேன். அதுலருந்து மனசே சரியில்ல.

அந்தப் பொண்ணோட தம்பிப் பாப்பா, குறைமாசம். அம்மா ஷரீஃபுன்னிசா, வேப்பனப்பள்ளி. உங்க ஆராய்ச்சிக் கட்டுரையப் பாத்துத்தான் பாலாடைச் சங்குல ஊட்டுறோம்... ஆமா, தாய்ப்பால்தான், பீச்சி வாங்கறோம்... பாலாடைய கொதிக்க வெச்சுத்தான் மேடம், அதெல்லாம் எழுதிருக்கீங்களே! பாதி வழிஞ்சுடுது. காலையில பொறையேறி உதடே நீலமாயிடுச்சு... இப்ப மூச்சு பரவால்ல. எடைதான் இறங்கிட்டே போவுது. சாயங்காலத்துக்குள்ள வாங்கிக் குடிக்கலன்னா பெங்களூருக்கு அனுப்பிடுவேங்கறாரு டாக்டரு. ஜீப்புல அத்தன தூரம் தாங்குமா அது?

எவ்ளோ பாலு, எத்தன தடவ, எல்லாம் கட்டம் போட்டு இருக்கு. எப்படி ஊட்டணும்னு ஒரு வரி இல்லியே மேடம்... எழுதுனீங்களா?... எடமில்லன்னு பத்திரிகைல வெட்டிட்டாங்களா!... சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. உங்க வார்டுல யாரு ஊட்டுனாங்க?

...

அம்மாங்களா?... எல்லாப் பாப்பாவுக்கும் அவங்கவங்க அம்மாவா?... அய்யோ மேடம், நாங்க கதவுக்கு அந்தாண்ட நிறுத்தி வெச்சிருக்கமே. இங்க சட்டம் அப்படி... ஆமா. நர்சுங்க நாங்கதான் ஊட்டுறோம், எங்களுக்கு அடுத்த தொட்டில் அவசரம்...

டாக்டரா? சாப்பிடப் போயிருக்காரு... கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு... தெரியும் மேடம், வேலைக்கே வம்புதான்... லைன்லயே இருங்க, வெச்சிடாதீங்க.

ஷரீஃபா! உள்ள வாங்கம்மா... நீங்கதான். செருப்ப அங்கயே விடுங்க. முழங்கை வரைக்கும் சோப்பு போடுங்க.

சொல்லுங்க மேடம்... மடியில நிமித்தி... தலைய ஒரு கை தாங்கணும்... பாலாடை மூக்கு கீழுதட்டத் தொட்டா போதும், ஊத்தக் கூடாது... அதுவா நக்கி எடுக்கணும்... முழுங்குனப்புறந்தான் அடுத்தது. சரி... ஷரீஃபா, பொறுமையா. இங்க யாரும் தொரத்தல... உதட்டுல வெச்சுட்டாங்க மேடம்...

இருங்க... நாக்க நீட்டுது...

முழுங்கிடுச்சு! ஸ்தோத்திரம்!... இல்ல, இருமல. இதோ, இன்னொரு வாய்... வழியவே இல்ல மேடம்!

அழறீங்களா?... உங்களக் குத்தம் சொல்லல மேடம். அடுத்த தடவ அத மட்டும் வெட்ட விடாதீங்க. யாரு ஊட்டுனாங்க, எப்படிப் பிடிச்சாங்க, எப்ப நிறுத்துனாங்க. எங்கயோ இன்னொருத்தி அதப் படிச்சிட்டு ஊட்டிட்டு இருப்பா... எம்பேரையும் கட்டுரைல போடுவீங்களா? அது எதுக்கு... ஹலோ?... ஹலோ?

போச்சு, கட்டாயிடுச்சு.

...கண்ணு, இங்க வா. ஜன்னலு எட்டலியா? இந்த ஸ்டூல் மேல ஏறு. நேத்து ஒண்ணு கேட்டியே, நாந்தான் பதில் சொல்லாம அதட்டிட்டேன். இப்பப் பாரு. உங்கம்மா எங்க இருக்காங்க?